உடல்நிலை என்ற கட்டம்

ஓய்வு பெற்று எட்டு வருடங்களாகின்றன. இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிறேன். பால் வாங்குவதற்கும் கார் வேண்டும் என்ற ஊர் இது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆகவே தொலைபேசிதான் என் வாகனம். சென்ற மாதம் அதில் வந்து சேர்ந்தவர்கள் மொழிபெயர்ப்பாளர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். ஏதோ ஒரு நாட்டு அரசாங்கம், சர்வதேச மனித உரிமைப் பதவி ஒன்றுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட பணத்தைத் தராமல் நிறுத்தி வைத்திருப்பதாகச் செய்தி வந்ததாம்.

“அன்ரி, உங்கட ஒஃபிசுக்கும் இப்பிடி ஒண்டு நடந்ததெல்லோ? எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோவன்.”

“எத்தினை பக்கம்?”

“ரெண்டு பக்கம் காணும்.”

பக்கத்தில் நின்ற மகள் சிரித்துவிட்டாள். இரண்டு பக்கத்துக்குள் நான் சுகம் விசாரித்தே முடிப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளைகளே, இது கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் நீதிமன்றத் தட்டெழுத்தாளராக இருந்தேன். ரொறன்ரோவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில் ஒன்பதாம் மாடியில் குடியேறி, ஒரு வருடம் சவர்க்காரத் தொழிற்சாலையில் பெட்டி மூடினேன். அந்த வருடத்தை இவ்வளவோடு விடுகிறேன். சவர்க்காரத்தைப் பற்றி யாரும் மலர் போடுவதில்லை.

பிறகுதான் அந்த வேலை வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். மூன்று அரசாங்கங்கள் சேர்ந்து ஒரு பதவியை உருவாக்கியிருந்தன. எந்த நாட்டிலாவது ஒருவரை வழக்கில்லாமல் அடைத்து வைத்திருந்தால், “ஏன்?” என்று அந்த நாட்டிடம் எழுதிக் கேட்பது அந்தப் பதவியின் வேலை. விடுதலை செய்யச் சொல்லி உத்தரவிட முடியாது. கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் வெளியிலிருந்து ஒரு பெயரைக் கேட்டுவிட்டால் உள்ளே அந்த ஆளைத் தொடுவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று குடும்பங்கள் நம்பின. அனுபவத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது.

பதவியில் இருந்தவர் மிஸ் வில்மா. ட்ரினிடாட்டில் பிறந்து, இளவயதில் கனடா வந்து, நீதிபதியாக ஓய்வு பெற்றவர். ஷேர்போன் சப்வே ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு பல் வைத்தியரின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பல் துளைக்கும் சத்தம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிவிடும். முதல்முறை வருகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் மாறுவார்கள். “பயப்படாதேங்கோ, அது பல்லு” என்று சொல்வதுதான் என் வரவேற்புரை.

நேர்முகத்தில் மிஸ் வில்மா என்னிடம் ஒரு தமிழ்க் கடிதத்தைத் தந்து ஆங்கிலத்தில் மாற்றச் சொன்னார். நான் மாற்றிக் கொடுத்தேன். நடுவில் ஒரு வரிக்குப் பக்கத்தில், ‘இங்கே மை ஊறியிருக்கிறது’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன்.

“இதை ஏன் எழுதினாய்?” என்று கேட்டார்.

“கடிதத்தில் இருக்கிறது, மேடம்.”

அவர் தன் பென்சிலைக் கூராக்கத் தொடங்கினார். அவருக்குத் திருப்தி என்றால் பென்சிலைக் கூராக்குவார் என்று பிறகுதான் அறிந்தேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தேன்.

மிஸ் வில்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சப்வேயில் ஓட்டச் சப்பாத்தோடு வருவார். வாசலில் நின்று உயர்ந்த குதிச் சப்பாத்துக்கு மாறுவார். அப்படி மாறிய பிறகுதான் அவருக்குக் காலை வணக்கம் சொல்லலாம், அதற்கு முன் சொன்னால் காது கேட்காது. மதியம் பன்னிரண்டரைக்கு சப்வே நிலையத்தில் வாங்கிய ‘பற்றி’ ஒன்று, அவர் ஊரின் இறைச்சி வைத்துச் சுட்ட பணியாரம், அதைக் கத்தியால் நான்காக வெட்டிச் சாப்பிடுவார். ஒருநாள் எங்கள் ஊர்ப் பற்றீஸ் பலகாரத்தைச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, “இது சிறியது, ஆனால் கோபக்காரப் பிறவி” என்றார். மிளகாய் கொஞ்சம் கூடிவிட்டது.

குடும்பங்களின் கடிதங்களை நின்றபடிதான் படிப்பார். கதிரையில் இருக்கச் சொன்னால், “எழுதியவர் இருக்க இடமில்லாமல் எழுதியிருக்கலாம்” என்பார். நீதிமன்றத்தில் பல வருடம் நீதிபதிகளைப் பார்த்தவள் நான். அவர்களில் பாதிப்பேர் நித்திரை, மீதிப்பேர் கோபம். இப்படி ஒரு ஆளை நான் கண்டதில்லை.

வேலை முறை இதுதான். கடிதம் வந்தால் திகதி முத்திரை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோவை, அதாவது இலக்கமிட்ட ஒரு நீல உறை. மூலக் கடிதத்தை நான் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்வேன். ஒரு சொல் விடக்கூடாது, ஒரு சொல் கூட்டக்கூடாது. கறை, கிழிசல், மை எல்லாம் அடைப்புக்குறிக்குள் போகவேண்டும். பிறகு மூலக் கடிதத்தைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அது அவர்களுடைய சொத்து, நாங்கள் வைத்திருக்கக்கூடாது என்பது மிஸ் வில்மாவின் கட்டளை. அப்போது பிரதியெடுக்கும் இயந்திரமும் எங்களிடம் இல்லை. கடைசியாக உறையின் முகப்பில் ஒரு சுருக்கப் பக்கம். பெயர், வயது, பிடிபட்ட இடம், பார்த்தவர் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் ஒரு கட்டத்துக்குப் பெயர் ‘உடல்நிலை, அவர் தாமே கூறியபடி.’

அந்தக் கட்டத்தில்தான் நான் விழுந்தேன்.

பத்மா என்று ஒரு பெண். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்துக்கு எதிர்க் கட்டடம். டோனற் கடையில் விடிகாலை வேலை. அவளுடைய தம்பி ரவி, ரேடியோ திருத்துகிறவன், கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு இரண்டு வருடமாக உள்ளே இருந்தான். வழக்கு இல்லை, விளக்கம் இல்லை. மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு கடிதம் எழுத விடுவார்கள். கடிதம் கிடைத்ததும் பத்மா வேலை முடித்த கையோடு எங்களிடம் வருவாள். அவள் வந்தால் அறை முழுக்கச் சீனி மணக்கும்.

ஆறு கடிதங்கள் வந்தன. ஆறையும் மொழிபெயர்த்தேன். ஆறும் ஒரேமாதிரித்தான் தொடங்கின. ‘அன்புள்ள அக்காவுக்கு, நான் இங்கு நலமாக இருக்கிறேன். அதுபோல் உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் நல்லூர் முருகனை வேண்டுகிறேன். நிற்க.’

நீங்கள் இப்போது தட்டச்சுப் பலகையில் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்கள், ஆகவே சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் கடிதம் அப்படித்தான் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் பிரம்போடு பழக்கிய தொடக்கம் அது. ‘நிற்க’ என்ற சொல்லுக்குப் பிறகுதான் விஷயம் வரும். காய்ச்சலில் படுத்திருப்பவரும் நலம் என்றுதான் எழுதுவார். இது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக் கல்யாணக் கடிதமும் செத்தவீட்டுக் கடிதமும் அப்படித்தானே தொடங்கின.

தெரிந்தும் என்ன செய்தேன்? ‘உடல்நிலை, அவர் தாமே கூறியபடி’ என்ற கட்டத்தில் ஆறு முறையும் ‘நலம்’ என்று தட்டினேன். அவன் கூறியிருக்கிறான், நான் எழுதினேன். விடாதே, கூட்டாதே என்ற கட்டளைக்கு நான் அவ்வளவு அடிமை. என் வேலையில் எனக்கு அந்த நாட்களில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருடம் பனி இறங்கத் தொடங்கிய நேரம். பணம் தரும் மூன்று அரசாங்கங்களில் ஒன்று தன் ஆளை அனுப்பி எங்கள் கோவைகளைப் பார்வையிட்டது. எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை, இப்போது திருந்தியிருக்கலாம். வந்தவர் பெயர் ஹென்றிக். தென்னைமரம் போல உயரம். வாசலில் பனிச் சப்பாத்தைக் கழற்றி, தன் பையிலிருந்து கம்பளிச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் மூலையில் இருந்து உறைகளைப் புரட்டினார். நன்றி சொன்னார். செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுசன் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. பதவியின் தேவை குறித்துச் சந்தேகம் எழுந்திருப்பதால் அந்த அரசாங்கம் தன் பங்கை நிறுத்தி வைக்கிறது. அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் விலகிவிடும், ஒப்பந்தம் அப்படி. பங்குனியோடு பதவி மூடப்படும். ஆட்களை அடைத்து வைத்திருக்கும் அரசாங்கங்களுக்கு மிஸ் வில்மா வருடத்துக்கு ஒருமுறைதான் பெயர்ப் பட்டியல் அனுப்பிக் கேட்கலாம். அது சித்திரையில். ரவியின் பெயர் முதல் தடவையாக அந்தப் பட்டியலில் இருந்தது. பதவி மூடப்பட்டால் பட்டியலும் போகாது, ரவியைப் பற்றிக் கேட்க உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

மிஸ் வில்மா என்னைக் கூப்பிட்டார். ஹென்றிக்கின் அறிக்கையில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. ‘உதாரணமாக, தடுத்துவைக்கப்பட்ட ஒருவர் தாம் நலமாக இருப்பதாக ஆறு கடிதங்களிலும் எழுதியிருக்கிறார்.’

“இது உன் மொழிபெயர்ப்பா?”

“ஓம், மேடம்.”

“சரியான மொழிபெயர்ப்பா?”

“சொல்லுக்குச் சொல் சரி.”

“அப்படியானால் இந்த மனிதர் நலமாக இருக்கிறார்.”

“இல்லை, மேடம்.”

கீழே பல் துளைக்கும் சத்தம் கேட்டது. கடிதம் தொடங்கும் வழக்கத்தை அவருக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. சுருக்கப் பக்கத்தை எடுத்து, அழிறப்பரால் ‘உடல்நிலை’ கட்டத்தைத் துடைக்கப் பார்த்தார். தட்டச்சு மை அழியவில்லை.

“இன்றிலிருந்து நான் சொல்லும்வரை எந்தக் கோவையிலும் இந்தக் கட்டத்தை நிரப்பாதே. வெறுமையாக இருக்கட்டும். இனி, உன் நாட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்பதை அந்த மனிதருக்கு எப்படிக் காட்டுவாய்?”

“நான் சொல்லலாம், மேடம்.”

“நீ சொன்னால் அது உன் கருத்து. காட்டு.”

ஹென்றிக் இரண்டு கிழமையில் வேறு வேலையாக ரொறன்ரோ வருவதாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் தரும்படி மிஸ் வில்மா எழுதிக் கேட்டார். கிடைத்தது.

அன்று பின்னேரமே நான் சென் ஜேம்ஸ் ரவுணில் கதவு தட்டத் தொடங்கினேன். ஊரிலிருந்து வந்த கடிதங்களை இரண்டு கிழமைக்கு இரவல் தாருங்கள் என்று கேட்பது லேசான காரியமில்லை. நகையை இரவல் தருவார்கள், கடிதம் தரமாட்டார்கள். எலிவேற்றர் ஒரு கட்டடத்தில் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. ஏழாவது வீட்டில் வேண்டாம் என்றேன், அந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டா. குடித்தேன். கடிதமும் கிடைத்தது.

கடைசியில் எல்லாரும் கைகாட்டியது ஒரே ஆளை. “இராசநாயகம் அண்ணையிட்டப் போம். அவர் கடிதம் ஒண்டும் எறியிறேல்லை.”

இராசநாயகம் அண்ணை ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே ஒரு அலுவலகக் கட்டடத்தில் செக்யூரிற்றி வேலை. கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு சூட்கேசை இழுத்தார். உள்ளே கடிதங்கள், வருட வாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு கட்டை அவிழ்த்து, ஒரு கடிதத்தை நேரே எடுத்தார்.

“கேளும் தங்கச்சி. என்ர தம்பி எழுதினது. ‘நாங்கள் இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறோம். நிற்க. ஐயா சென்ற செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டார்.’” கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாரும் நலமாம். ஐயா மட்டும் இல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் அப்படித்தான்.

“இதைத் தருவியளோ அண்ணை?”

“தரமாட்டன். நானே கொண்டு வாறன்.”

அந்த வியாழக்கிழமை அவர் கோட் சூட் போட்டு, ஒரு கையில் சூட்கேசும் மறு கையில் ஒரு தட்டு நிறைய றோல்ஸ் பலகாரமுமாக வந்தார். மனைவி விடியவே எழும்பிச் செய்தாவாம். பத்மா ரவியின் ஆறு கடிதங்களையும் மார்போடு அணைத்தபடி வந்தாள். ஹென்றிக் செருப்பு மாற்றினார், மிஸ் வில்மா சப்பாத்து மாற்றினார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தோம்.

தொடங்கும்போதே மிஸ் வில்மா சொன்னார்: “இவர்கள் பேசுவதை என் உதவியாளர் மொழிபெயர்ப்பார். எதையும் விடமாட்டார், எதையும் கூட்டமாட்டார்.” பிறகு என்னைப் பார்த்து, “முதலில் உன் பிழையைச் சொல்” என்றார்.

சொன்னேன். கட்டத்தை நிரப்பியது நான், வழக்கம் தெரிந்தும் நிரப்பியது நான் என்றேன். ஹென்றிக் குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இராசநாயகம் அண்ணை கடிதங்களை ஒன்றொன்றாக எடுத்து முதல் வரியையும் ‘நிற்க’வுக்குப் பிறகு வரும் வரியையும் வாசித்தார். வீட்டுக் கூரை போனது, நலம். மாடு செத்தது, நலம். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறோம், நலம். ஐயாவின் கடிதத்தைக் கடைசியாக வாசித்தார். ஹென்றிக் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“ஒருவர்கூட நலமில்லை என்று தொடங்குவதில்லையா?”

நான் மொழிபெயர்த்தேன். அண்ணை நிமிர்ந்தார்.

“தம்பி, செத்தவன் தன்ர கையால எழுத ஏலுமெண்டா அவனும் நான் நலம் எண்டுதான் தொடங்குவான். உந்தப் பிள்ளை கெட்டிக்காரி. உவவுக்குத் தேத்தண்ணிதான் போடத் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். என்னெண்டு உதை ‘நலம்’ எண்டு அடிச்சா எண்டு எனக்கு விளங்கேல்லை.”

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன், என் தேத்தண்ணி உட்பட. ஹென்றிக் முதல் முறையாகச் சிரித்தார். மிஸ் வில்மா சிரிக்கவில்லை. என் தேத்தண்ணியைத் தினமும் குடிப்பவர் அவர்.

ஆனால் சிரிப்பு முடிந்ததும் ஹென்றிக் நேர்மையாக ஒரு கேள்வி கேட்டார். “வழக்கம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ‘நலம்’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை என்று இப்போது தெரிகிறது. அதனால் இந்த மனிதர் நலமில்லை என்று ஆகிவிடாதே? எனக்குத் தெரிவதெல்லாம், உங்களுக்கும் தெரியாது என்பதுதான்.”

அவர் சொன்னது சரி. பத்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தபோது அவள் ஆறு கடிதங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, “நீங்களே பாருங்கோ சேர்” என்றாள். அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்பதை அவள் நினைக்கவில்லை, பாவம்.

பார்த்தது இராசநாயகம் அண்ணை. குனிந்தார். கண்ணாடியைப் போட்டார். மூன்றாவது கடிதத்தையும் நான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“பிள்ளை, உங்கட தம்பி இடக்கைக்காரனோ?”

“இல்லை, சோத்துக்கைதான்.”

“இந்த மூண்டும் சோத்துக்கை எழுத்து. இந்த மூண்டும் இடக்கை. பாருங்கோ, எழுத்து மற்றப் பக்கம் சரிஞ்சு கிடக்கு. எழுதிக்கொண்டு போற கை ஈர மையில உரஞ்சியிருக்கு. நான் முப்பது வருசம் விலாசம் பாத்தவன், எனக்குத் தெரியும்.”

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு வரி நினைவுக்கு வந்தது. கடைசிக் கடிதங்களில் ‘எழுத்து வடிவில்லாவிட்டால் குறை நினைக்கவேண்டாம்’ என்று ரவி எழுதியிருந்தான். அதையும் ஒரு மரியாதை வார்த்தை என்றே நான் மொழிபெயர்த்திருந்தேன். மூலக் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயிருந்தன. ஆறையும் ஒன்றாக வைத்து நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை.

பத்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “அவனுக்குக் கைக்கு என்ன செய்தவங்கள்?” என்று கேட்டாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

மிஸ் வில்மா எழுந்து நின்றார். கடிதம் படிக்கும்போது நிற்பதுபோல.

“இந்தக் கடிதங்களில் மை இழுபட்டிருக்கிறது என்கிறார். உன் மொழிபெயர்ப்பில் அது இருக்கிறதா?”

யோசித்தேன். “இருக்கும், மேடம்.”

ஹென்றிக் நீல உறையை இழுத்து, சுருக்கப் பக்கத்தைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். முதல் மூன்று மொழிபெயர்ப்புகளில் மை பற்றி ஒன்றும் இல்லை. நான்காவதில், வரிக்கு வரி, அடைப்புக்குறிக்குள் ‘இங்கே மை இழுபட்டிருக்கிறது’. ஐந்தாவதில் அப்படியே. ஆறாவதில் அப்படியே. ஒவ்வொன்றின் மேலும் திகதி முத்திரை, பணம் நிறுத்தப்படுவதற்கு மாதக்கணக்கில் முன்னால். தட்டும்போது எனக்கு அலுப்பாக இருந்தது நினைவுக்கு வந்தது. இவ்வளவு மையையும் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று அன்று முணுமுணுத்திருக்கிறேன்.

ஹென்றிக் மூன்றையும் வாசித்து முடிக்க நேரம் எடுத்தது. பிறகு, “நான் முகப்புப் பக்கத்தை மட்டும்தான் படித்தேன்” என்றார். காது சிவந்திருந்தது. நான் பிழையைச் சொன்ன அதே மேசையில் அவரும் சொன்னார். அந்த மனிதரில் எனக்கிருந்த கோபம் அதோடு போய்விட்டது.

பத்மாவைப் பார்த்து அவர் கேட்டார்: “இப்படி ஒரு நிலையிலும் அவர் ஏன் நலம் என்று எழுதவேண்டும்?”

“நான் கவலைப்படுவன் எண்டுதான்,” என்றாள் பத்மா.

இராசநாயகம் அண்ணை றோல்ஸ் தட்டை அவள் பக்கம் தள்ளினார். “சாப்பிடு பிள்ளை. அழுகிறதுக்கும் தெம்பு வேணும்.” அதையும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. ஹென்றிக் தானும் ஒன்று எடுத்தார். கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயோ வேறு எதுவோ, அடைப்புக்குறிக்குள் போட அன்று என் முன்னால் தட்டச்சு இல்லை.

அரசாங்கம் அடுத்த நாளே கையைத் திறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஹென்றிக் தன் அறிக்கையைத் திருத்தி எழுதினார். ஆனால் மேலிடம் மேலிடம்தான். பங்குனி போனது. பணம் வரவில்லை. மற்ற இரண்டு அரசாங்கங்களும் முடிவு தெரியும்வரை விலகாமல் பொறுத்தன. அந்த மாதங்களில் மிஸ் வில்மா சம்பளமில்லாமல் வந்தார். அதே நேரம், அதே சப்பாத்து, அதே பற்றி. சித்திரையில் பட்டியல் அனுப்ப அவருக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்று வழக்கறிஞர்கள் தொலைபேசியில் வாதாடினார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினார். ரவியின் பெயருக்கு எதிரே, மை இழுபட்ட மூன்று கடிதங்களின் திகதிகளும் இருந்தன. தபாலில் போட்டது நான். பெட்டிக்குள் விழும் சத்தம் கேட்கும்வரை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனியில் பணம் வந்தது. முழுவதும் இல்லை, ஒரு வருடத்துக்குப் போதுமானது. நாங்கள் அன்று கொண்டாடினோம் என்றால், பன்னிரண்டரைக்கு இரண்டு பற்றி வாங்கி வந்தார், எனக்கும் ஒன்று. நான்காக வெட்டியே தந்தார்.

ரவியைப் பற்றிய கேள்விக்கு, ‘விடயம் பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. வந்த பதிலின் மேல் கேள்வி கேட்கத் தடையில்லை என்பதால், எதைப் பரிசீலிக்கிறீர்கள் என்று மிஸ் வில்மா திரும்பக் கேட்டார். பதில் இல்லை. திரும்பவும் கேட்டார். ஒவ்வொரு கேள்வியையும் நான் சுத்தமாகத் தட்டினேன். உடல்நிலைக் கட்டம் எல்லாக் கோவைகளிலும் வெறுமையாகவே இருந்தது. ரவிக்குப் புதிய சுருக்கப் பக்கம் ஒன்று செய்து, அதிலும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். உறையை எடுக்கும்போதெல்லாம் அந்த வெள்ளை இடம்தான் முதலில் கண்ணில் படும்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு மதியம், மாடிப்படியில் யாரோ ஓடிவரும் சத்தம். பல் வைத்தியரிடமிருந்து யாரோ தப்பி ஓடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்மா. டோனற் கடை ஏப்ரனையும் கழற்றவில்லை. கையில் ஒரு கடிதம்.

“விட்டிட்டாங்களக்கா! வெளியில வந்திட்டான்! வாசியுங்கோ, மேடமுக்கும் சொல்லுங்கோ.”

மிஸ் வில்மா தன் அறையிலிருந்து வந்து நின்றார். நான் வாசித்து வாசித்து மொழிபெயர்த்தேன்.

‘அக்கா, நீ அனுப்பிய சேட்டுக்குள் இரண்டு ரவி போகலாம். என்ன நினைத்து வாங்கினாய்? இங்கே மாமி வீட்டில் நிற்கிறேன். மாமி கறிக்கு உப்பே போடுவதில்லை, கேட்டால் பிறஷராம். மெத்தையில் படுத்து முதுகு நோகிறது. கடைவாய்ப் பல் இரண்டும் ஆடுகிறது. பக்கத்து வீட்டு நாய் ஒரு நிமிடம் வாய் மூடாது. வலக்கையில் இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை. டொக்டர் பந்து ஒன்றைத் தந்து நாள் முழுக்க அமத்தச் சொல்கிறார், சின்னப்பிள்ளைபோல. எனக்குச் சரியான அலுப்பு. இந்தக் கடிதத்தை அந்தக் கையாலேதான் எழுதுகிறேன், அதுதான் இவ்வளவு கோணல். நீ ஏன் கடிதம் போடுவதில்லை?’

இப்படியே மூன்று பக்கம். மூன்று பக்கமும் முறைப்பாடு. பத்மா அழுதுகொண்டே சிரித்தாள். “வாயைப் பாருங்கோக்கா, வந்த உடன கொழுப்பை!” என்றாள். எனக்கும் வாசிக்க முடியாமல் கண் மறைத்தது. மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தேன். நாயையும் விடவில்லை.

முடிந்ததும் மிஸ் வில்மா கேட்டார்: “நலமாக இருப்பதாக எங்கேயாவது எழுதியிருக்கிறாரா?”

முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தேன். “இல்லை, மேடம். ஒரு இடத்திலும் இல்லை.”

“மை?”

“இழுபடவில்லை.”

அவர் அலுமாரியைத் திறந்து ரவியின் நீல உறையை எடுத்தார். மேசையில் கூராக்கி வைத்திருந்த பென்சில்களை விட்டுவிட்டு என் பேனையைக் கேட்டு வாங்கினார். நின்றபடியே குனிந்து, மாதக்கணக்கில் வெறுமையாக இருந்த அந்தக் கட்டத்தில் ‘நலம்’ என்று தன் கையால் எழுதினார்.